எண்ணுக்கு அப்பன் யாரு?

1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் 342 பேர். 1911 வரை நேட்டாலுக்கு இப்படிக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் மொத்தம் 1,52,184. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறிய சனங்கள். தலைக்கு ஒரு எண் கொடுத்தான் வெள்ளைக்காரன். பேர், அப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, ஊர், உடம்புத் தழும்பு எல்லாம் அந்த எண்ணுக்கு அப்புறம்தான். சாதிக் கட்டத்தில் 'பறையா' என்று எழுதப்பட்டவர்கள் அந்தப் பட்டியல்களில் கப்பல் கப்பலாக வருகிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றைக்கு வம்சாவளி மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். மென்பொருள் கேட்கிறது: அப்பன் யார், ஆதாரம் எங்கே?

இன்னார் மகன் இன்னார் என்று ஒரே தாளில் நேராக எழுதியிருந்தால் அது நேரடிச் சான்று. இது யாரிடம் இருக்கும்? சொத்து கைமாறுகிற இடத்தில்தான் இப்படி எழுத வேண்டிய அவசியமே வருகிறது. உயில், பாகப் பத்திரம், செப்புப் பட்டயம். சேரியில் எவனுக்கு எவன் பட்டயம் எழுதினான்? கல்யாணச் சான்றும் இப்படித்தான். கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் தீர்ப்புச் சொன்னார். இந்தியர் போராட்டத்துக்குப் பிறகு 1914-இல் வந்த சட்டத்தில்தான் ஒருதார மணங்களுக்கு வழி பிறந்தது. தாள் இல்லாமல் போனது நம்ம ஆட்களின் கவனக்குறைவால் அல்ல, ஆண்டவன் எழுதாமல் விட்டதால்.

ஆகவே நமக்கு மிஞ்சுவது மறைமுகச் சான்று. ஒரு கப்பலில் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி அடுத்தடுத்த எண்களில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஒரே ஊர். சிறுமியின் அப்பன் பேர்க் கட்டத்தில் அந்த ஆணின் பேர். மூவரும் ஒரே கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். பதினைந்து வருசம் கழித்து ஒரு பிறப்புப் பதிவில் தாயின் எண்ணாக அந்தச் சிறுமியின் எண் வருகிறது. எந்தத் தாளும் 'இவள் இவனுடைய மகள்' என்று சொல்லவில்லை. சேர்த்து வைத்துப் படித்தால் வேறு விதமாகச் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில்தான் உறவு நிற்கிறது.

இதில் ஏமாந்து போகவும் வழி உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அடுத்தடுத்த எண் என்பது வரிசையில் பக்கத்தில் நின்றதற்கு மட்டுமே சாட்சி. முனியம்மாக்கள் எத்தனை பேர் என்று பட்டியலைப் புரட்டினாலே தெரியும். நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருந்தாக வேண்டும் என்று விதி வைத்திருந்ததால், தனியாக வந்தவர்களை டிப்போவிலேயே சோடி சேர்த்து ஏற்றியதும் உண்டு. வேறு வேறு ஜில்லா, வேறு வேறு சாதி, ஆனால் அடுத்தடுத்த எண், புருசன் பெண்டாட்டி. அது வாழ்ந்த உறவா, குமாஸ்தாவின் கணக்கா என்பதைப் பின்னால் வருகிற பதிவுகள்தான் சொல்ல வேண்டும். வாழ்ந்த உறவாக இருந்துவிட்டால் ஊரில் வெட்டுக்குத்து நடந்திருக்கக்கூடிய ஒரு கல்யாணம் கடற்கரை டிப்போவில் நடந்திருக்கிறது. சாதிக்குள்ளேயே பெண் எடுத்ததாக வரையப்படுகிற எந்த மரத்திலும் இவர்களுக்குக் கிளை இருக்காது.

மென்பொருளுக்கு வருவோம். பெரும்பாலான வம்சாவளி மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது 'ஜெட்காம்' என்ற வடிவத்தில். அமெரிக்காவின் மார்மன் திருச்சபை 1984-இல் உருவாக்கியது. அதில் சான்றின் தரத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. வாய்மொழியாக வந்த வம்சாவளிக்கு 1; ஐயத்துக்குரியது என்று அர்த்தம். ஒருசார்பு இருக்கக்கூடியதற்கு உதாரணமாக அந்த விதியில் காட்டப்படுவது தன்வரலாறு! நாம் இந்தப் பக்கங்களில் எதையெல்லாம் சாட்சியம் என்று அச்சிடுகிறோமோ அதுக்கெல்லாம் 1 தான். நேரடியான முதல்நிலைச் சான்றுக்கு 3. ஆனால் கப்பல் பட்டியலில் அப்பன் பேர் எப்படி வந்தது? கூலிக்காரன் வாயால் சொன்னான், குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். கிழவி சொன்னால் வாய்மொழி, குமாஸ்தா எழுதினால் ஆவணம், அவ்வளவுதானே வித்தியாசம்? அதே விதியில் 3-க்கு இன்னொரு வாசலும் இருக்கிறது: சான்றுகளின் ஒட்டுமொத்த வலு. நாம் நுழைய வேண்டியது அந்த வாசல் வழியாக.

நுழைவது அவ்வளவு சுலபம் இல்லை. ஜெட்காமில் பிறப்புக்குச் சான்று கட்டலாம், குடும்பம் முழுவதற்கும் கட்டலாம். பிள்ளையைப் பெற்றோரோடு இணைக்கிற அந்த முடிச்சின்மேல் சான்று கட்டத் தனி இடமில்லை, குறிப்பு மட்டும் எழுதலாம். விலையில்லாமல் கிடைக்கிற 'கிராம்ப்ஸ்' மென்பொருளில் அந்த முடிச்சுக்கே சான்றும் குறிப்பும் சேர்க்க முடியும். எதைப் பயன்படுத்தினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்தெந்தத் தாள், அதில் என்ன இருக்கிறது, ஏன் இந்த முடிவுக்கு வந்தோம், வேறு யாராவது அப்பனாக இருக்க வாய்ப்புண்டா என்பதை வாக்கியமாக எழுதி வையுங்கள். கோடு மட்டும் போட்டுவிட்டால் அடுத்து வருகிறவன் அதை நகலெடுப்பான், பத்து மரத்தில் ஏறியதும் அது உண்மையாகிவிடும்.

பேரைக் குமாஸ்தா எழுதிய எழுத்துக்கூட்டிலேயே வையுங்கள். நீங்கள் அதை எப்படி வாசிக்கிறீர்கள் என்பதை மாற்றுப் பேராகச் சேர்க்கலாம். சாதிக் கட்டத்தையும் அப்படியே. 'மலபார்' என்றிருந்தால் கேரளத்துக்கு ஓடாதீர்கள், அந்தக் காலத்து வெள்ளைக்காரன் தமிழனுக்கு வைத்த பேர் அது. 'பறையா' என்றிருப்பதை மரத்தில் ஏற்றும்போது 'பிள்ளை' என்று ஆக்கினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்குரிய மனுசன் இரண்டாம் தடவை தொலைந்துபோவான். நாளைக்கு எதிரான தாள் ஒன்று கிடைத்தால் பழைய குறிப்பை அழிக்க வேண்டாம். தேதி போட்டுக் கீழே எழுதுங்கள்.