படகில் வாங்கிய கையெழுத்து



நைனிதால் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து "எப்படி சார் இருந்தது?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். குளிர், ஏரி, படகு எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அங்கே போன இடத்தில் என்னுடைய பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தில்லியிலிருந்து இரவு ரயிலில் காத்கோதாம் வரை போனோம். அங்கிருந்து காரில் சுமார் 35 கிலோமீட்டர் மலைப்பாதை. நாங்கள் போனது சீசன் முடிந்த நவம்பர் மாதம். கூட்டமில்லை. 1,900 மீட்டருக்கு மேலான உயரத்தில், சுற்றிலும் மலை, நடுவில் பச்சைத் தண்ணீர். 'தால்' என்றால் ஏரி. ஏரியின் மேல்முனை மல்லிதால், கீழ்முனை தல்லிதால். மேல்முனையில் நைனா தேவி கோயில். தாட்சாயணியின் கண் விழுந்த இடம் என்பது ஐதீகம்.

காலையில் நானும் வீட்டம்மாவும் படகில் ஏறினோம். "எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்றாள். எனக்கோ அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் நர்சிங் என்பவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

குமாவோன் மலைப்பகுதி 1815-இல் நேபாளத்தின் கூர்க்கா ஆட்சியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அங்கே ஆணையராக இருந்த ட்ரெய்ல் என்பவர் 1823-லேயே இந்த ஏரியைப் பார்த்துவிட்டார். ஆனால் மலைமக்கள் இதைப் புனிதமாகக் கருதுவதை அறிந்து, வெளியே அதிகம் சொல்லாமல் இருந்துவிட்டார் என்பார்கள்.

1841 நவம்பரில் பாரன் என்ற ஆங்கிலேயர் வந்தார். ஷாஜகான்பூரில் சர்க்கரை வியாபாரம் செய்தவர். ஏரிக்கு வழி கேட்டால் ஊர்க்காரர்கள் 'அப்படி ஒரு இடமே தெரியாது' என்று கை விரித்தார்களாம். உடனே அவர் ஒருவன் தலையில் பெரிய கல்லை ஏற்றி, "நைனிதாலில் கல்லே கிடையாதாம், இதைச் சுமந்து வா" என்றார். கொஞ்ச தூரம் சுமந்தவன் பொறுக்க முடியாமல், "அங்கே வேண்டிய அளவு கல் இருக்கிறதே!" என்று சொல்லிவிட்டான். இடம் தெரியும் என்பது வெளிப்பட்டுவிட்டது.

ஏரியும் சுற்றியுள்ள மலையும் தமக்கே உரியவை என்று உரிமை கொண்டாடியவர் நர்சிங். பாரன் அவரை ஏரியில் படகு சவாரிக்கு அழைத்துப் போனார். படகு ஆழத்துக்குப் போனதும், "உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் தண்ணீரில் தள்ளிவிடுவேன்" என்று மிரட்டினார். நர்சிங்குக்கு நீச்சல் தெரியாது. பாரனின் குறிப்புப் புத்தகத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு அவரையே மாதம் 5 ரூபாய் சம்பளத்தில் அங்கே பட்வாரியாக, அதாவது நம்மூர் கணக்குப்பிள்ளை மாதிரி, நியமித்தார்கள். நைனிதாலின் வரலாற்றைச் சொல்பவர்கள் இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்வார்கள். நானும் அப்படித்தான் படித்துச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அன்று படகு நடு ஏரியில் நின்றபோது சிரிப்பு வரவில்லை. ஆழமான இடத்தில் சுமார் 27 மீட்டர். எனக்கும் நீச்சல் தெரியாது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பங்களாக்கள், தேவாலயம், கடைத்தெரு, ஓட்டல் என்று நாற்பது ஆண்டுகளுக்குள் ஓர் ஊர் எழும்பிவிட்டது. சரிவை வெட்டினார்கள், மரங்களைச் சாய்த்தார்கள். 1880 செப்டம்பரில் இரண்டு நாள் அடைமழை. 18-ஆம் தேதி சனிக்கிழமை காலை, ஷேர் கா டாண்டா என்ற மலையிலிருந்து மண் சரிந்து விக்டோரியா ஓட்டலின் ஒரு பகுதியை மூடியது. சிக்கியவர்களை மீட்கப் படைவீரர்களும் அதிகாரிகளும் தொழிலாளர்களும் ஓடினார்கள். மதியம் மலை இரண்டாவது முறை சரிந்தது. சில நொடிகளில் ஓட்டலும் கோயிலும் மீட்க வந்தவர்களும் மண்ணுக்குள். இறந்தவர்கள் 151 பேர். அவர்களில் 108 பேர் இந்தியர்கள்.

இன்று பிள்ளைகள் பந்து விளையாடும் பெரிய மைதானம் மல்லிதாலில் இருக்கிறது. அன்று சரிந்து வந்த மண் பரவி அகலமான இடம் அது. பக்கத்தில் இருக்கும் கோயில் அதன்பிறகு எழுப்பப்பட்டது. விபத்துக்குப் பின் மலைச்சரிவெங்கும் கல்லால் வடிகால்கள் கட்டினார்கள். மழைநீர் மண்ணுக்குள் ஊறிச் சரிவை இளக்காமல் ஏரிக்குப் போய்ச்சேர அவைதான் வழி. நாங்கள் நடந்த பாதையிலும் அவற்றைப் பார்த்தோம். ஆனால் 2018 ஆகஸ்டில் ஏரிக்கரைச் சாலையின் ஒரு பகுதியே இடிந்து ஏரிக்குள் விழுந்தது. மலை இன்னும் எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

'கோடை வாழிடங்களை ஆங்கிலேயர் கண்டுபிடித்தனர்.' இந்த வரியை எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஊட்டிக்குச் சல்லிவன், கொடைக்கானல் ஏரிக்கு 1863, லெவிஞ்ச் என்று ஒப்பிக்க வைத்து மதிப்பெண் போட்டேன். ஒருநாள் பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், அதுக்கு முன்னாடி அங்க யாருமே இல்லையா?" என்று கேட்டான். மணி அடிக்கிற நேரம். "பாடத்துல இருக்கறத எழுது, போதும்" என்று உட்கார வைத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதன்பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

நீலகிரியில் தோடர்கள் இருந்தார்கள். பழனி மலையில் பளியர்கள் இருந்தார்கள். நைனிதாலில் நர்சிங் இருந்தார், வழி சொல்ல மறுத்த மலைமக்கள் இருந்தார்கள். அவர்கள் அறியாத இடத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் வீடு கட்டாமல் விட்ட சரிவில் பின்னால் வந்தவர்கள் கட்டினார்கள். அதன் விலைதான் அந்த 151 உயிர்.

பின்வரிசைத் தம்பி, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியவில்லை. உன் கேள்விதான் அன்றைய பாடத்திலேயே சிறந்த பகுதி. பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. என்னை மன்னித்துக்கொள்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். பிள்ளைகளை ஊட்டிக்கும் கொடைக்கும் சுற்றுலா அழைத்துப் போவீர்கள். ஏரியைக் காட்டும்போது, அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்பதையும் ஒரு நிமிடம் சொல்லுங்கள். பிள்ளைகளில் யாராவது கேள்வி கேட்டால், மணி அடித்தாலும் பரவாயில்லை, நின்று பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்