தென்சென்னை மாணவியரும் படிப்பு அழுத்தமும்

படிப்பு, தேர்வு, மதிப்பெண் ஆகியவை தரும் நெருக்கடி ஒரு மாணவியின் தூக்கம், பசி, மாதவிடாய், பேச்சு எல்லாவற்றையும் குலைக்கும் நிலைக்கு வளர்ந்தால் அது படிப்பு அழுத்தம். இது உலகெங்கும் உள்ளது. பல நாட்டு மாணவர்களிடம் நடத்தப்படும் பீசா (PISA) ஆய்வில், 2015ஆம் ஆண்டு, நன்றாகத் தயாரான பிறகும் தேர்வை நினைத்தால் பதற்றமாக இருப்பதாகச் சொன்ன பெண்கள் 64 விழுக்காடு, ஆண்கள் 47 விழுக்காடு. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் இதற்குத் தனி முகம் உண்டு. இங்கே பாடத்தைவிடப் பார்வையாளர்கள்தாம் பெரிய சுமை. 98 வாங்கிய பெண்ணிடம் "அந்த ரெண்டு மார்க் எங்கே போச்சு?" என்று கேட்க, வீட்டுக்குள் மட்டுமல்ல, மாடிப்படியிலும் கோயில் பிரகாரத்திலும் ஆள் உண்டு.

பார்வையாளர்கள் புதிதாக வந்தவர்கள் அல்லர். மயிலாப்பூரில் பிறந்து, சிறுவயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்பலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, ஒரு பெண் படிப்பதே ஊர் கூடிப் பேசும் செய்தியாக இருந்தது. 1914இல் கடற்கரையில் இராணி மேரி கல்லூரி தொடங்கியது. 1947இல் சாந்தோமில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி வந்தது. படிக்கலாமா என்ற கேள்வி அடங்கி, எவ்வளவு எடுத்தாய் என்ற கேள்வி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இந்த வட்டாரத்து நடுத்தரக் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு நெருங்கும்போது முதலில் நிற்பது பாட்டு வகுப்பு, அல்லது பரதநாட்டியம். ஏழெட்டு ஆண்டுகள் கற்றதை "ப்ளஸ் டூ முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று நிறுத்துவார்கள். சபாக்களில் மார்கழிக் கச்சேரி நடக்கும் அதே நாட்களில் அரையாண்டுத் தேர்வும் வரும். பெண்ணுக்கு மூச்சுவிட இருந்த ஒரே நேரம் நின்றுபோனதை யாரும் இழப்பாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த நேரத்தை டியூஷன் எடுத்துக்கொள்கிறது. தேர்வுக்கு முன் செங்கல்பட்டுப் பக்கம் செட்டிபுண்ணியத்தில் கல்விக் கடவுளான ஹயக்ரீவர் சன்னதியில் பேனாவும் ஹால் டிக்கெட்டும் வைத்துக் கும்பிடப் போகும் பயணம்தான் பல வீடுகளில் அந்த ஆண்டின் ஒரே வெளியூர்ப் பயணம். அதனால் பதற்றம் குறைவதாகவே போய்வந்த பெண்கள் சொல்வார்கள். மறுப்பதற்கில்லை.

உடம்பையும் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்குகிறது என்று ஒரு பெண் சொன்னால், சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பது மேல். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் உறக்க மருத்துவர்கள். விடியற்காலை ஐந்து மணி டியூஷனுக்குக் கிளம்பும் பெண்ணுக்கு அது வாய்ப்பதில்லை.

அழுத்தத்தைக் குறைக்க மாணவியருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள் ஏராளம். ஆனால் நன்றாகக் கண்ணில் பட்ட மாற்றங்கள் தேர்வு முறையைத் தொட்டவைதாம். முன்பு ப்ளஸ் டூவில் ஒரு பாடம் போனால் மாதக்கணக்கில் காத்திருந்து எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போக, இவள் வீட்டிலேயே இருப்பாள். 2000களின் முற்பகுதியில் 'உடனடித் தேர்வு' வந்ததும் அந்த ஆண்டிலேயே கல்லூரியில் சேர வழி பிறந்தது. இதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார்.

அடுத்த பெரிய மாற்றம் 2017இல் வந்தது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவித்து, நாளிதழ்களின் முதல் பக்கத்தில் படம் வரும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. பார்வையாளர் கூட்டம் கொஞ்சம் கலைந்தது. ஆனால் அதே ஆண்டில்தான் மாநில மருத்துவ இடங்களுக்கு நீட் நுழைவுத்தேர்வு கட்டாயமானது. ப்ளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தும் நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதாவின் மரணம் அந்தச் செப்டம்பரில் தமிழ்நாட்டையே உலுக்கியது. 2017–18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு என்றானது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது.

படிக்கும் முறையிலும் அழுத்தத்தைக் குறைக்க வழி உண்டு. திரும்பத் திரும்ப உருப்போடுவதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நெடுநாள் நிற்கும் என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். டியூஷன்களில் வாரந்தோறும் டெஸ்ட் வைப்பது அந்த வகையில் நல்லதே. அந்த மார்க்கைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வரிசைப்படுத்திப் போடும்போதுதான் அது கெடுகிறது. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தன் பயங்களைத் தாளில் எழுதிவிடுபவர்கள் மேலாகச் செய்ததை ஆய்வாளர்கள் ரமீரஸும் பெய்லாக்கும் 2011இல் வெளியிட்டார்கள். தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

தூக்கமோ சாப்பாடோ வாரக்கணக்கில் கெட்டால், எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், அதைத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. அரசின் 104, 2022இல் தொடங்கிய 14416 ஆகிய உதவி எண்களில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில், லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அறிவுரை சொல்வதில்லை, கேட்டுக்கொள்கிறார்கள். கூப்பிடும் பெண் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கையும் யாரும் கேட்க மாட்டார்கள்.