பார்ட்லெட், ஜோசையா (1729-1795)

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட வைத்தியர்களுள் ஒருவரும், நியூ ஹாம்ப்ஷயரின் முதற் கவர்னருமாகிய இவர், மாஸச்சூஸெட்ஸிலுள்ள ஏம்ஸ்பரி என்னும் ஊரில் 1729 நவம்பர் 21-ல் பிறந்தார். கல்லூரி வாசலை மிதியாத இவர், 16ஆம் வயதில் நெஹமாயா ஆர்ட்வே என்ற வைத்தியரிடம் மாணாக்கராக அமர்ந்து, குருவின் நூல்களையும் நோயாளிகளின் படுக்கைகளையுமே பாடசாலையாகக் கொண்டு தொழில் கற்று, 1750-ல் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள கிங்ஸ்டன் என்னும் சிற்றூரில் வைத்தியராகக் குடியேறினார்.

கடுஞ்சுரத்தால் தாமே படுத்திருந்தபோது, அக்கால முறைப்படி அடைத்த அறையில் வைத்துக் குளிர்ந்த பானத்தை மறுத்த வைத்தியர்கள் நம்பிக்கை இழந்த பின், ஆப்பிள் ரசம் புளித்த சைடரைச் சிறிது சிறிதாக இரவு முழுதும் பருகி, வியர்வை கண்டு பிழைத்தார் என்பர். நூல் விதித்ததைவிட அனுபவம் காட்டியதையே நம்பும் இயல்பு அதுமுதல் இவரிடம் உறுதிப்பட்டது. 1754-ல் குழந்தைகளை வாரிச் சென்ற தொண்டையடைப்பான் நோய்க்குச் சின்கோனாப் பட்டையை இவர் கொடுத்துப் பார்த்ததும் அவ்வியல்பினாலேயே.

ஊரார் நம்பிக்கை 1765-ல் இவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. அரசர் பெயரால் ஆண்ட கவர்னர் வென்ட்வொர்த் நீதிபதிப் பதவியும் படைத் தலைமையும் அளித்திருந்தும் இவர் குடியேற்ற மக்களின் பக்கமே நின்றமையால், 1775-ல் அப்பதவிகள் பறிக்கப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டிலேயே இவர் வீடு தீக்கிரையாகியிருந்தது. அரச பக்தர்களின் செயல் என்று பலர் ஐயுற்றனர். குடியேற்ற நாடுகளின் முதற் காங்கிரஸுக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தும், எரிந்த வீட்டை மீண்டும் எழுப்பும் பொருட்டு அதை ஏலாத இவர், அடுத்த ஆண்டு பிலடெல்பியா சென்றார். சுதந்திரம் பற்றிய வாக்கு வடகோடியிலுள்ள நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து தொடங்கியபடியால், முதலில் இசைவு கூறியவர் இவரே. பிரகடனத்தில் தலைவர் ஹான்காக்கிற்கு அடுத்து ஒப்பமிட்டவரும் இவரே. 1777-ல் பென்னிங்டன் போரின்போது ஜெனரல் ஸ்டார்க்கின் படைக்கு மருந்துகளுடன் சென்று தொண்டு செய்தார்.

சட்டம் பயிலாதவராயினும் 1779 முதல் நியாயாசனத்தில் அமர்ந்து, 1788-ல் பிரதம நீதிபதியானார். அவ்வாண்டு ஜூன் 21-ல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக இசைந்ததனால் அமெரிக்க அரசியலமைப்பு உறுதிபெற்றபோது, அதற்காக வாதாடியோருள் இவரும் ஒருவர். செனட் பதவியை மறுத்த இவர் 1790-ல் ராஜ்யத் தலைவரானார். 1792-ல் அப்பதவி கவர்னர் எனப் பெயர் மாறியது.

1790-ல் டார்ட்மத் கல்லூரி இவருக்கு வைத்தியப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது. மறு ஆண்டு நிறுவப்பெற்ற நியூ ஹாம்ப்ஷயர் வைத்திய சங்கத்திற்கு, இத்தொழிலில் புகுவோரைப் பரீட்சித்து அனுமதி அளிக்கும் அதிகாரம் தரப்பட்டது. அதன் முதல் தலைவர், எப்பரீட்சையும் எழுதாமல் நாற்பதாண்டு வைத்தியம் பார்த்த இவரே. 1794-ல் ஓய்வு பெற்ற பார்ட்லெட், 1795 மே 19-ல் கிங்ஸ்டனில் காலமானார். புதல்வர் மூவரும் வைத்தியராயினர்.