குதிரும் பெருவழியும்: அட்டப்பாடி, அஞ்சுநாடு, மூணாறு மலைப்பகுதிகளில் இல்லத்தின் இடர்க்கால ஆயத்தம்

முன்னுரை

கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் மூன்று. அவற்றுள் பவானி, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு, இடுக்கி மாவட்டத்து அஞ்சுநாடு வழியாகவும் ஓடித் தமிழகத்தை அடைகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலுமாக அமைந்த இவ்விரு நிலப்பகுதிகளும் மழைமறைவுப் பகுதிகளாகும். ஆற்று நீரைப் போலவே இவற்றின் சந்தை உறவும், மொழி உறவும் நெடுங்காலம் கொங்கு நாட்டை நோக்கியே அமைந்திருந்தன. அஞ்சுநாட்டை அடுத்துள்ள மூணாறு தேயிலைத் தோட்டப் பகுதியும் தமிழ் பேசும் மக்களால் உருவானதே.

பஞ்சம், வெள்ளம், மண்சரிவு, வழி அறுபடல் ஆகிய இடர்களை இப்பகுதி இல்லங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இல்லத்தின் ஆயத்தம் தனிமனிதரின் முன்னெச்சரிக்கையைப் பொறுத்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆனால், நிலம், விதை, களஞ்சியம், குடியிருப்பு ஆகியவற்றின் மீது ஓர் இல்லத்திற்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவே அதன் ஆயத்தமும் அமையும் என்பதை இப்பகுதியின் வரலாறு உணர்த்துகிறது.

இலக்கிய மரபில் தன்னிறைவு

தன்னிறைவு பெற்ற மலை என்றவுடன் தமிழறிந்தார் நினைவில் எழுவது பாரியின் பறம்பு. மூவேந்தர் முற்றுகையிட்ட போது, உழவர் உழாமலே அம்மலை தரும் நால்வகை உணவுகளைக் கபிலர் புறநானூற்றின் 109ஆம் பாடலில் எண்ணிக் காட்டுகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. முல்லை நிலத்தாரின் முற்றத்தில் குதிர்கள் நின்ற காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. முன்னது நிலமே களஞ்சியமாக இருந்த நிலையையும், பின்னது விளைச்சலைச் சேமித்துக் காத்த நிலையையும் குறிக்கும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. பறம்பு பசியால் வீழவில்லை. எனினும் பாரி மாண்டான். அவன் மகளிர் மலையை விட்டு நீங்கினர். உணவுத் தன்னிறைவு ஒருவகை இடரைத் தாங்கும். எல்லா இடரையும் தாங்காது. ஆகவே, இல்லத்தின் ஆயத்தத்தை இருந்து தாங்கும் ஆயத்தம், பெயர்ந்து பிழைக்கும் ஆயத்தம் என இரண்டாகப் பகுத்துக் காண்பது பொருந்தும்.

அட்டப்பாடி: ஊரின் களஞ்சியம்

அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். கேழ்வரகு, சாமை, தினை, சோளம், துவரை, அவரை ஆகியவற்றைக் கலந்து விதைக்கும் கொத்துக்காட்டு வேளாண்மை இவர்களுடையது. ஒரே காட்டில் பல பயிர்கள் பல காலங்களில் முற்றும். மழை பிந்தினால் ஒன்று பொய்க்கும், மற்றொன்று நிற்கும். கலப்பு விதைப்பே இவர்களின் முதற்காப்பாக இருந்தது எனலாம்.

இரண்டாவது காப்பு தானியத்தின் தன்மையில் உள்ளது. அரிசியைப் போல் எளிதில் வண்டு பற்றாமல், நன்கு உலர்த்தினால் ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும் தானியம் கேழ்வரகு. சாமையையும் தினையையும் உமியோடு வைத்து, வேண்டும்போது குத்திக்கொள்ளலாம். அடுத்த பருவத்திற்கான விதையை அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகைபட வைப்பதும், சாம்பல் கலந்து வைப்பதும் மலைநாட்டிலும் சமவெளியிலும் பொதுவாகக் காணப்படும் வழக்கங்கள்.

மூன்றாவது காப்பே முதன்மையானது. அட்டப்பாடி ஊர்களில் மூப்பன், பண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்னும் பொறுப்பாளர்கள் உள்ளனர். மூப்பன் ஊர்த்தலைவர், குறுதலை அவருக்குத் துணை, பண்டாரி ஊரின் பொருளைக் காப்பவர், மண்ணுக்காரன் மண்ணின் இயல்பறிந்து விதைப்பைத் தொடங்கி வைப்பவர். பண்டம், பண்டாரம், பண்டாரி என்னும் சொல்வரிசையே சேமிப்பைச் சுட்டுகிறது. எப்போது விதைப்பது, எதைக் காப்பது என்னும் முடிவுகள் ஊருக்குரியனவாக இருந்தன. இல்லத்தின் குதிர் வெறுமையானபோது ஊர் துணை நின்றது. எனவே, தன்னிறைவின் அலகு தனி இல்லம் அன்று, ஊரே ஆகும்.

இந்த அமைப்பு நிலத்தை நம்பி நின்றது. நிலம் போனபோது குலைந்தது. 1951இல் அட்டப்பாடி மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் பழங்குடியினர். 2001இல் அவர்கள் பாதிக்கும் குறைவாயினர். குடியேற்றம் பெருகக் கொத்துக்காடுகள் கைமாறின. கைமாறிய நிலத்தை மீட்டளிக்க 1975இல் கேரளச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது; அது முழுமையாக நடைமுறைக்கு வராத நிலையில், 1999இல் வேறொரு சட்டம் கொண்டுவரப்பட்டது. சிறுதானியம் விளைந்த இல்லங்களில் நியாயவிலைக் கடை அரிசி இடம்பெற்றது. 2013இல் பச்சிளங்குழந்தைகள் தொடர்ந்து இறந்தபோது, தாய்மாரின் குருதிச் சோகையும் ஊட்டக் குறைவும் வெளிப்பட்டன. அரிசி இருந்தது, உணவு இல்லை. இதன்பின் 2017இல் சிறுதானியச் சாகுபடியை மீட்கும் திட்டத்தைக் கேரள அரசு தொடங்கியது. அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் 2022இல் புவிசார் குறியீடு பெற்றன.

அஞ்சுநாடு: வயலும் சந்தையும்

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களின் தொகுதி அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தோர் என்பது இவ்வூர் மக்களின் வழிவழிச் செய்தி. முதுவர் குடியினரும் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தனர் என்றே கூறுவதை 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதி பதிவு செய்துள்ளது. இடர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பிழைத்தோம் என்னும் நினைவு இக்குடிகளின் தோற்றக் கதையிலேயே அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

மலைச்சரிவில் படிப்படியாக அமைத்த வயல்களில் நெல்லும், மேட்டு நிலத்தில் கேழ்வரகும் விளைந்தன. ஆயினும் அஞ்சுநாடு எக்காலத்தும் முழுத் தன்னிறைவு பெற்றதன்று. உப்பும் இரும்பும் துணியும் கீழ்நாட்டிலிருந்தே வரவேண்டும். உடுமலைச் சந்தையோடு கொண்ட உறவு இத்தேவையால் வளர்ந்தது. விளைவதை மலை தரும். விளையாததைச் சந்தை தரும். இவ்விரண்டுக்கும் இடையிலான சமனே பழைய வாழ்க்கைமுறை.

இச்சமன் பின்னர் மாறியது. மறையூர் வயல்களில் கரும்பு பரவியது. மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. காந்தலூரிலும் அதை அடுத்த வட்டவடையிலும் பூண்டும் காய்கறிகளும் பணப்பயிர்களாயின. யூக்கலிப்டஸ் மரங்களும் வயல்களைப் பிடித்தன. வருவாய் பெருகியது உண்மை. ஆனால் வெல்லமும் பூண்டும் விற்றால்தான் அரிசி. விற்க வழி திறந்திருக்க வேண்டும். இல்லத்தின் காப்பு குதிரிலிருந்து பெருவழிக்கு இடம் மாறியது.

மூணாறு: வழியை நம்பிய வாழ்வு

இம்மாற்றத்தின் முழு வடிவத்தை மூணாற்றில் காணலாம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தொடங்கப்பெற்றது. தேயிலையை இறக்க 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. உச்சி நிலையத்திலிருந்து கம்பிவழியாக இறங்கிய தேயிலை போடிநாயக்கனூரை அடைந்தது. தோட்டத் தொழிலாளரின் உணவுப்பொருள்கள் கீழிருந்து மலையேறின. உண்பது எதையும் விளைவிக்காத, விளைவிப்பது எதையும் உண்ணாத ஒரு வாழ்வு மலைமேல் உருவானது.

கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 சூலை மாதம் பெய்த பெருமழை இதன் வலுவின்மையைக் காட்டியது. மலையாள நாட்டில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என வழங்கும் அவ்வெள்ளம் மூணாற்று இருப்புப்பாதையை அழித்தது. அப்பாதை மீண்டும் அமைக்கப்படவே இல்லை. ஆலுவாயிலிருந்து வந்த பழைய சாலையும் அழிந்தது. ஒரு மழைக்காலத்தில் வழிகள் போயின. வழிகளை நம்பிய உணவும் நிலைகுலைந்தது.

இரண்டாவது பாடம் போரால் வந்தது. திருவிதாங்கூர் தன் தேவையில் பாதிக்கும் குறைவான நெல்லையே விளைவித்தது. எஞ்சியதற்குப் பெரிதும் பர்மாவை நம்பியது. 1942இல் பர்மா சப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்றது. பங்கீட்டு முறை வந்தது. உணவுப்பயிர் விளைவிக்கக் காட்டு நிலங்கள் திறந்துவிடப்பட்டன. கீழ்நாட்டிலிருந்து உயர்மலைகளுக்குக் குடியேற்றம் பெருகியது. குடியேறியோருக்குக் கைகொடுத்த பயிர் மரவள்ளி. 1880களில் விசாகம் திருநாள் மன்னர் பரப்பிய இக்கிழங்கைத் தேவைப்படும்வரை மண்ணிலேயே விட்டுவைக்கலாம். மண்ணே அதன் குதிர். எனினும் ஒருசாராரின் இடர் தீர்ந்த விதமே மலைக்குடிகளின் நிலம் குறைந்த விதமும் ஆயிற்று என்பதை மறத்தற்கில்லை.

2018, 2020: இருவகை இடர்கள்

2018 ஆகத்து வெள்ளத்தில், 26 ஆண்டுகளுக்குப் பின் இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்பட்டன. மூணாறு தனித்துண்டானது. பெரியவரைப் பாலம் இடிந்ததால் மூணாறு, மறையூர், உடுமலை வழி அறுந்தது. இது இருந்து தாங்க வேண்டிய இடர். சில வாரங்களுக்கு உணவும் விறகும் மருந்தும் கையிலுள்ள இல்லம் இதனைக் கடக்கும்.

2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நேர்ந்தது வேறுவகை. மண்சரிவு தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பகுதியை வேராகக் கொண்ட குடும்பத்தினர். செய்தித்தொடர்பு அற்றுப்போனதால் மறுநாள் காலையிலேயே வெளியுலகம் அறிந்தது. இங்கு எந்தக் குதிரும் காத்திராது. முன்கூட்டிப் பெயர்வது ஒன்றே காத்திருக்கும்.

கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வோர் இல்லமும் ஆயத்தமாக வைக்க வேண்டிய அவசரகாலப் பையைப் பரிந்துரைக்கிறது. கைவிளக்கு, வானொலி, குடிநீர், மருந்து, நிலக்கடலை அல்லது பேரீச்சை, விசில், நனையாத உறையில் ஆவணங்கள் முதலியன அதில் அடங்கும். இப்பை பெயர்வதற்கான ஆயத்தம், பயனுடையது. ஆயினும் எங்கே பெயர்வது என்னும் வினா எஞ்சுகிறது. முதுவர் போன்ற குடிகளின் பழைய வீடுகள் மூங்கிலாலும் புல்லாலும் ஆனவை. காடு மாற்றும்போது குடியிருப்பையும் மாற்றலாம். வரிசைவீட்டில் வாழ்பவருக்கு வீடு தோட்டத்தினுடையது. வேலை நின்றால் வீடும் இல்லை. 2015இல் பெண்கள் ஒற்றுமை என்னும் பொருளுடைய பெம்பிளை ஒருமை இயக்கத்தினர் மூணாற்றில் போராடியபோது, அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். அக்கூலியில் சில வாரங்களுக்கான உணவைச் சேமித்து வைக்கச் சொல்வதும், வேறிடத்தில் வீடு தேடச் சொல்வதும் எளிது, செய்வது அரிது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மலைநாட்டு இல்லங்களின் தன்னிறைவு என்பது உலகை விட்டு விலகுதல் அன்று. கலப்புப் பயிர், நீண்டநாள் கெடாத தானியம், ஊரின் பொறுப்பு, சந்தையின் உறவு ஆகியவற்றின் சமன். இரண்டாவது, 1924, 1942, 2018 ஆகிய ஆண்டுகளில் வெளிப்பட்ட குறை சேமிப்பறிவின் குறை அன்று. குதிரின் இடத்தைப் பெருவழி முழுமையாகப் பிடித்ததன் விளைவு. மூன்றாவது, இருந்து தாங்க நிலமும் விதையும் வேண்டும். பெயர்ந்து பிழைக்கச் செல்லுமிடம் வேண்டும். இரண்டும் உரிமை சார்ந்தவை.

குதிர், குலுக்கை, தொம்பை, பத்தாயம், சேர், விதைக்கோட்டை எனச் சேமிப்பிற்குத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அகராதியில் அவை காக்கப்பட்டுள்ளன. மலையில் அவற்றைக் காப்பது, நிலத்திலும் குடியிருப்பிலும் அம்மக்களுக்குள்ள உரிமையைக் காப்பதிலேயே தங்கியுள்ளது.