சோழிகளும் ஒரு சந்திர கிரகணமும்

"நம் முன்னோர் கிரகணத்தை நொடி பிசகாமல் கணித்தார்கள்" என்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. நொடி பிசகாமல் இல்லை. ஆனால் உண்மைக் கதை அதைவிட நன்றாக இருக்கிறது.

1825இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். வாரன் சாதாரண ஆளல்ல. சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியவர். பஞ்சாங்கக்காரரின் பெயரைச் 'சாமி நாதன் சாஷியா' என்பதுபோல எழுதி வைத்திருக்கிறார். சாமிநாத சேஷய்யாவாக இருக்கும் என்பது என் ஊகம்.

அவர் தரையில் உட்கார்ந்து, சோழிகளை எண்களாகப் பரப்பி, அந்த ஆண்டு மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாள் இல்லை, அச்சிட்ட அட்டவணை இல்லை. எல்லாம் மனப்பாடம்.

எப்படி? எழுத்துக்கு ஒரு எண். 'ர' 2, 'ம' 5. வலமிருந்து படித்தால் 'ராம' என்பது 52. இப்படி எண்களைச் சொற்றொடராக்கிச் சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. அதென்ன 248? சந்திரன் பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க ஏறத்தாழ 27.55 நாள். ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். (கால்குலேட்டரை எடுக்காதீர்கள்!) நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயரில் இருப்பது இந்த வாக்கியம்தான்.

விடை எப்படி வந்தது? கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52. குழுவில் பெருமை பேசுகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் சொல்வார்கள். மட்டம் தட்டுகிறவர்கள் கடைசியை மட்டும். மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்.

அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு ஒரு சொல்லும் தெரியாது, நினைவாற்றல்தான் அபாரம் என்கிறார் வாரன். ஆனால் அந்த நினைவில் இருந்தது சாமானியமானதல்ல. 1952இல் ஓட்டோ நொய்கபவர் என்ற வரலாற்றாசிரியர் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி, இந்த 248 நாள் கணக்கின் வேரைப் பண்டைய பாபிலோன்வரை தேடிப் போனார். களிமண் பலகையில் எழுதியவர்கள் மறைந்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழித்து, புதுச்சேரித் தரையில் சோழி நகர்ந்திருக்கிறது.

புரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளைகளை வகுப்பில் எத்தனையோ முறை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு அது மறந்திருக்காது. சாமிநாதர் என் வகுப்பில் இருந்திருந்தால் அவரையும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.