ஏழு மாடி மாளிகையும் எரிந்த மரமும்

ஹட்டன் பகுதியில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குப் பொலன்னறுவை என்றால் பராக்கிரம சமுத்திரம்தான். அந்தக் குளத்தை அமைத்த மன்னனின் மாளிகையை நான் பார்த்தது பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே.

எஞ்சியிருப்பவை செங்கற் சுவர்கள். கனம் ஏறக்குறைய பத்தடி. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு எழுப்பிய இம்மாளிகைக்கு ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் இருந்தன என்கிறது சூளவம்சம். புலவர்களின் ஆயிரத்தை நாம் அறிவோம். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. மாடிக் கணக்கை அப்படித் தள்ளிவிட முடியாது. சுவர்களில் வரிசை வரிசையாகக் குழிகள் தெரிகின்றன; மேல்தளங்களைத் தாங்கிய மர உத்தரங்களைச் செருகிய இடங்கள் அவை. சுவரின் கனத்துக்கும் அந்தப் பாரமே காரணம். உட்புறத்தில் ஆங்காங்கே சுண்ணச்சாந்துப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் செங்கல் சாட்சி சொல்வது மூன்று தளங்களுக்கு மட்டுமே. அதற்கு மேலும் மாடிகள் இருந்திருந்தால், அவை மரத்தால் ஆனவையாகவே இருந்திருக்க வேண்டும். எரிந்த மரத்துக்குச் சாட்சி ஏது?

1215இல் கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அவன் படையில் கேரளரும் தமிழரும் இருந்தனர், விகாரைகள் சூறையாடப்பட்டன. மாளிகை எரிந்ததும் அப்போதே என்பது பொதுவான கருத்து. இதை மூடிமறைக்க வேண்டியதில்லை. எனினும் "தமிழர் எரித்த சிங்கள மாளிகை" என்று கதையைச் சுருக்குவோர், அதே சூளவம்சம் கூறும் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். மாளிகையைக் கட்டியவனின் தந்தைவழிப் பாட்டன் ஒரு பாண்டிய இளவரசன். முதலாம் விஜயபாகுவின் சகோதரி மித்தாவை மணந்தவன். பேரனோ, மதுரை அரியணைப் போட்டியில் ஒரு பாண்டியனுக்காக இன்னொரு பாண்டியன்மீது படை அனுப்பியவன். இந்த உறவையும் பகையையும் இன்றைய இனக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?

பொலன்னறுவை சரிந்தபின் தலைநகர் தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல் என இடம் மாறி, 14ஆம் நூற்றாண்டில் எங்கள் மலைநாட்டுக் கம்பளைக்கு வந்து சேர்ந்தது. அங்கே அரண்மனை என்று சொல்லிக் காட்ட இன்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 1344இல், நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், செங்கல்லும் கருங்கல்லும் கொண்டு எழுந்த லங்காதிலக விகாரை நிற்கிறது. கட்டியவர் ஸ்தபதி ராயர் என்ற தென்னிந்தியர். பக்கத்துப் பாறையில் சிங்களக் கல்வெட்டும் உண்டு, தமிழ்க் கல்வெட்டும் உண்டு. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைக் கண்டிக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பேராதனைப் பக்கம் சற்று விலகிப் போனால் அதைக் காட்டிவிட்டே திரும்பலாம்.