குரோமியம் கலந்த மண்ணிலும் பயிர் பிழைக்குமா? கைகொடுக்கும் பாக்டீரியா!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைனு சொன்னா பிரியாணியும் ஷூவும்தான் ஞாபகம் வரும். ஆனா, அங்கே தோல் பதனிட பயன்படுத்திய குரோமியம், பல வருஷமா கழிவுநீரோடு பாலாற்றங்கரை மண்ணில் கலந்திருக்கு.

குரோமியத்துக்கு ரெண்டு முகம். ‘குரோமியம் 6’ தண்ணீரில் சுலபமா கரையும், வேரைப் பாதிக்கும், மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும். ‘குரோமியம் 3’ அவ்வளவா கரையாது, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். பேசிலஸ், சூடோமோனாஸ் குடும்பத்து பாக்டீரியாக்களில் சில, 6-ஐ 3-ஆ மாத்திடும். மாசடைந்த மண்ணிலேயே வாழ்ந்து பழகின பாக்டீரியாக்களைத்தான் இதுக்காக விஞ்ஞானிகள் தேடிப் பிரிச்செடுக்கிறாங்க.

இன்னொரு வேலையும் நடக்கும். விஷ உலோகம் தாக்கினா செடி எத்திலீன் வாயுவை அதிகமா உண்டாக்கும். வேர் வளர்ச்சி முடங்கும். வேரோரம் வாழும் சில பாக்டீரியாக்கள், அந்த எத்திலீனுக்கான மூலப்பொருளையே தின்னுடும். வேர் திரும்ப நீளும்.

ஆனா ஒண்ணு, பாக்டீரியா உலோகத்தை அழிக்காது. கீரை பச்சைப்பசேல்னு இருக்குங்கிறதால சாப்பிடலாம்னு அர்த்தமில்லை. சில பாக்டீரியாக்கள், செடி உலோகத்தைக் கூடுதலா உறிஞ்சவும் உதவும். மண்ணைச் சுத்தம் பண்ண அது நல்லது, சாம்பாருக்கு இல்லை!

உரக்கடையில் கிடைக்கும் சூடோமோனாஸ் பாக்கெட் பயிர்நோய்க்கானது. குரோமியத்துக்கு மருந்துனு நினைச்சு வாங்காதீங்க. அந்தப் பக்கம் நிலம் இருந்தா, மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் முதல்ல டெஸ்ட் பண்ணுங்க. வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்து மாதிரி விஷயங்கள்தான் வரும். குரோமியத்தைத் தனியா கேட்டு வாங்கணும்.